கத்திரி வெயிலில் ஒரு ராத்தங்கல்

கத்திரி பிறந்த அன்று காலையில் சூரங்குளத்து ஜனங்கள் வேப்பங்குச்சியும் பிரஷ்ஷுமாக வாசலுக்கு வந்து பார்த்தபோது, ஊருக்கு மேற்கே பைபாஸ் ஓரத்தில் வெறும் தூணும் துருப்பிடித்த கம்பியுமாகப் பல வருடம் நின்றுகொண்டிருந்த பருப்பு மில் தங்கமாரியப்பனின் லாட்ஜ், சுவர் எழும்பி, ஜன்னல் வைத்து, மாடிப்படி இறங்கி, கூரையும் போட்டு, அத்தனையும் பனிக்கட்டியாலேயே கட்டி முடிந்து வெயிலில் பளபளவென்று நின்றது. வேறு ஊராக இருந்தால் என்னவோ ஏதோவென்று ஓடியிருப்பார்கள், குறைந்தது வாயையாவது பிளந்திருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் பல்பொடி நுரை இருந்ததால் அதைக்கூடச் செய்யவில்லை. "ஒரு வழியா அண்ணாச்சி கட்டி முடிச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்கள். தங்கமாரியப்பனுக்கும் அவருடைய தம்பிக்கும் அந்த இடத்தின் பேரில் கோர்ட்டில் வழக்கு, செங்கல் சிமெண்டு வைக்கக் கூடாது என்று தடை. ஆகவே ஐஸ் வைக்கலாம் என்று வக்கீல் யாரோ யோசனை சொல்லியிருப்பார் என்பதுதான் ஊருக்குத் தோன்றிய ஒரே விளக்கம். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில், காக்காய் நிழலுக்கு வரிசையில் நிற்கிற வெயில், மொட்டை மாடியில் காயப் போட்ட வடகம் எண்ணெய் இல்லாமலே பொரிந்துவிடும் என்று வெளியூர்க்காரர்களிடம் நாங்கள் பெருமையடித்துக்கொள்கிற வெயில், அந்த வெயில் நாள் முழுக்கக் காய்ந்தும் அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளே ஒருவர் வந்து கதவு எண் தகடு அடித்துவிட்டுப் போனார், ஆணி இறங்காததால் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். பெண்கள் தோசை மாவு புளித்துவிடாமல் இருக்க அதன் கிழக்குச் சுவரோரம் தூக்குவாளிகளை வரிசையாக வைத்தார்கள், எந்த வாளி யாருடையது என்று தினம் ஒரு சண்டை நடந்தது, அந்தச் சண்டையிலும் யாருக்கும் வேர்க்கவில்லை என்பது மட்டும்தான் புதிது. மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு அங்கேயே படுத்து அசைபோட்டன. எங்கிருந்தோ சுவெட்டர் விற்கிறவர்கள் வந்து பஸ் ஸ்டாண்டில் கடை பரப்பினார்கள், கத்திரி வெயிலில் சுவெட்டர் வாங்குவதற்கு ஒரு ஊர் இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. ஜலதோஷம் பிடிப்பது கௌரவம் ஆயிற்று, நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒருவர் தும்மினால், "என்ன, ஐஸ் பக்கம் போயிருந்தீகளோ?" என்று மற்றவர்கள் பொறாமையோடு கேட்டார்கள்.

ஊர்த்தெய்வமான வெயிலுகந்த அம்மன் இதைப் பொறுப்பாளா என்று ஒரு சந்தேகம் எழாமல் இல்லை. பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையின் கண்ணைக் கட்டி ஒன்றை எடுக்கச் சொன்னார், வெள்ளை வந்தது. "ஆத்தாவுக்கும் இத்தன காலமா வேர்த்திருக்கும்ல" என்று தீர்ப்பாகிவிட்டது.

ஆனாலும் ஒருவரும் அங்கே ராத்தங்கவில்லை. பகலில் போவார்கள், சுவரைத் தொடுவார்கள், "ஜில்லுன்னு இருக்கு" என்ற அரிய உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். சன்னி கண்டுவிடும் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அந்தக் கட்டடத்தில் இன்னும் யாரும் பால் காய்ச்சவில்லை. பால் காய்ச்சாத வீட்டில் முதலில் தலைவைத்துப் படுக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, தெரியாததனால்தான் பயம். "நீங்க மொதல்ல தங்குங்க, நாங்க பெறகு வாறோம்" என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டே பாதிக் கத்திரியை ஓட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எண்ணெய்ப் பரோட்டாக் கடை வெயில்முத்து கதைக்குள் வர வேண்டியிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவருடைய கடை. காலையில் மாவு பிசைந்து ஊறவைத்து, சாயங்காலம் கல்லில் எண்ணெயைக் குளம்போல் ஊற்றி அதில் பரோட்டாவைப் பொரித்தெடுப்பார். பின்னால் பெரிய அடுப்பில் சால்னாவைக் கிண்டிக்கொண்டு அவருடைய மனைவி சண்முகத்தாய் நிற்பாள். ஆனால் வெயில்முத்துவின் புகழ் பரோட்டாவால் வந்ததல்ல, பயணத்தால் வந்தது. யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் அவரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். திருச்செந்தூருக்குப் போனால் பஸ்ஸில் எந்தப் பக்க ஜன்னலில் நிழல் விழும், குற்றாலத்தில் எந்த அருவியில் கூட்டம் குறைவு, பழனியில் எந்தக் கடைச் சட்னி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கல்லில் கரண்டியைத் தட்டித் தட்டிச் சொல்வார். அப்படிச் சொல்கிற மனிதர் ஒரு தடவைகூட மதுரையைத் தாண்டியதில்லை. மதுரைக்கும் ஆஸ்பத்திரி வேலையாகப் போய்ச் சாயங்காலக் கடைக்குத் திரும்பிவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார், அவர் சிரித்துவிட்டால் அடுத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள் அல்லவா.

கல்யாணம் ஆன புதிதில் சண்முகத்தாயிடம் கொடைக்கானல் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பிளானும் போட்டார். எந்த பஸ், எங்கே மாறுவது, ஏரியில் எந்தக் கரையில் படகு ஏறுவது, குதிரைக்காரனிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று பரோட்டாவுக்கு மாவு வீசுகிற மாதிரி விரித்து விரித்துப் போட்டார். கிளம்புகிற அன்று காலையில் கை பழக்கதோஷத்தில் மாவைப் பிசைந்துவிட்டது. பிசைந்த மாவை என்ன செய்வது? "மாவு பிசைஞ்சாச்சே தாயி" என்றார். அடுத்த வருடமும் அதேதான். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள், இருபத்தாறு வருடத்தில் கொடைக்கானல் பிளான் மட்டும் மெருகேறிக்கொண்டே போனது, ஒவ்வொரு தடவையும் கடைசியில் மாவு பிசைந்தாகிவிட்டது.

லாட்ஜ் வந்த அன்று மத்தியானம் சண்முகத்தாய் ஒரு தூக்குவாளியோடு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் சால்னாவைக் கிண்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "மாடியில ஏழாம் நம்பர் ரூம் நல்லாருக்கு."

"எந்த ஏழாம் நம்பர்?"

"ஐஸ் லாட்ஜுல. கொடைக்கானலுக்குத்தான் நம்மளால போக முடியல. அதுவா நடந்து நம்ம ஊருக்கு வந்துருக்கு. கத்திரி முடியறதுக்குள்ள ஒரு ராத்திரி அங்க படுக்கணும். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

கல்லில் கிடந்த இரண்டு பரோட்டா கருகிப்போயின. அன்றே அவள் ஒரு மஞ்சப்பையில் சேலை ஒன்றும் தலையணை ஒன்றும் திணித்து, கடைக்குள் சுவராணியில் மாட்டிவிட்டாள். கத்திரியோடு வந்தது கத்திரியோடு போய்விடும் என்று ஊரில் எல்லாரும் சொல்லாமலே ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆக நாள் குறைவு.

வெயில்முத்து சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ் ஏறத் தேவையில்லை, நடந்தே போய்விடலாம். ஆனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. குளிருக்கான பயமில்லை. சண்முகத்தாயும் அவரும் இத்தனை வருடம் பேசிக்கொண்டதெல்லாம் "சால்னா ரெண்டு", "பார்சல் மூணு", "எண்ணெ தீருது", "வெங்காயம் இருக்கு" என்பவைதான். நடுவில் எப்போதும் ஒரு நெருப்பு இருந்தது, நாலு வாடிக்கையாளர் இருந்தார்கள். நெருப்பும் இல்லாமல், ஆளும் இல்லாமல், ஒரு ராத்திரி முழுக்க அவள் முகத்தைப் பார்த்து என்னத்தைப் பேசுவது? அவள் ஏதாவது கேட்டால்? கேட்காமலே இருந்துவிட்டால்? ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனிதருக்குத் தன் பெண்டாட்டியிடம் போகிற வழி தெரியவில்லை என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தபோதெல்லாம் செய்வதையே இப்போதும் செய்தார். பிளான் போட ஆரம்பித்தார்.

முதலில் இடத்தைப் பார்வையிடப் போனார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், வெயில்முத்து யானை இல்லை, ஆனாலும் வாசலிலேயே சறுக்கி, வரவேற்பு மேஜை வரைக்கும் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். மேஜைக்குப் பின்னால் தங்கமாரியப்பன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஈயும் குளிரில் வரவில்லை.

"வாங்க தம்பி வாங்க. நீங்களாச்சும் வந்தீகளே. மொதல் ஆளா வந்து ஒரு படி பாலக் காய்ச்சிட்டுப் படுத்து எந்திரிச்சிட்டீகன்னா, பெறகு ஊரே வந்துரும். உங்களுக்கு வாடகையே வேண்டாம்."

"வாடகை கெடக்கட்டும் அண்ணாச்சி. குழாயத் தொறந்தா தண்ணி வருமா?"

"ஐஸ்தான் விழும். சுடவச்சுக்கிட வேண்டியதுதான்."

"கட்டில்?"

"அதுவும் ஐஸ்தான். இந்த வெயில்ல உருகாதது ஒங்க ஒடம்புச் சூட்டுக்கா உருகப்போகுது? தைரியமாப் படுங்க."

வெயில்முத்து தைரியமாக வீட்டுக்குத் திரும்பினார். அன்றிலிருந்து குளிருக்குப் பழகும் முயற்சி தொடங்கியது. சோடாக்கடை ஐஸ் பெட்டியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார், சோடாக்காரர் விரட்டிவிட்டார். சுவெட்டரும் குரங்குக் குல்லாயும் வாங்கி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதைப் போட்டுக்கொண்டே பரோட்டா போட்டார். மயங்கி விழாதது அம்மன் புண்ணியம். கட்டிலுக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் வைக்கோல், வைக்கோலுக்கு மேல் பாய், பாய்க்கு மேல் ஜமுக்காளம் என்று அடுக்கு அடுக்காக யோசித்தார், கல்லில் கரண்டியால் தட்டித் தட்டி வாடிக்கையாளர்களுக்கு அதை விளக்கினார். வாடிக்கையாளர்களும் ஆளுக்கொரு யோசனை சேர்த்தார்கள். சண்முகத்தாய் ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை ஒரு தரம் பார்ப்பாள், சால்னாவைக் கிண்டுவாள்.

செய்தி சண்முகத்தாயின் அண்ணன் குருவலிங்கத்துக்கு எட்டியது. மறுநாளே வந்து நின்றார்.

"என்ன மாப்ள, எந் தங்கச்சியத் தனியா ஐஸ்ல படுக்கப் போடப் போறீகளாம்? நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்? குடும்பத்தோட வந்துர்றோம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மச்சினர் கோபித்துக்கொள்வார் என்பது ஒரு காரணம். நாலு பேர் கூட இருந்தால் பேசுகிற வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது உண்மையான காரணம். "ரொம்பச் சந்தோசம் மச்சான்" என்றார், மனதாரத்தான் சொன்னார். குருவலிங்கம் வந்தால் அவர் கொழுந்தியாள் வீடு வர வேண்டும், அவர்கள் வந்தால் திருப்பூர்ச் சம்பந்திக்குச் சொல்லாமல் விட முடியாது, சம்பந்திக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லாவிட்டால் நாளைப்பின்னே முகத்தில் முழிக்க முடியுமா? இரண்டு பேர் நடந்து போகிற தூரத்துக்கு ஒரு வேன் பேசும்படி ஆயிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நாளும் அமையவில்லை. லாட்ஜ் மேற்கே இருந்ததால் வெள்ளியும் ஞாயிறும் சூலம். ஒரு திங்கள் அஷ்டமி, அடுத்த நாள் நவமி, அதற்கு அடுத்தது கரிநாள். நல்ல நாளாக ஒன்று வந்தபோது கல்யாண வீட்டுக்குப் பரோட்டா ஆர்டர் வந்துவிட்டது. தள்ளித் தள்ளிக் கத்திரியின் கடைசி நாளில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அதற்குமேல் தள்ள வெயிலே இல்லை.

அன்றைக்குக் காலையில் வெயில்முத்து எழுந்து குளித்துத் திருநீறு பூசினார், சாயங்காலப் பயணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே கடைக்குள் போனார், யோசித்துக்கொண்டே தொட்டியில் மைதாவைக் கொட்டினார், யோசனை கலைந்து பார்த்தபோது முழங்கை வரைக்கும் மாவாக இருந்தது. வாசலில் சண்முகத்தாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. ஆணியிலிருந்து மஞ்சப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நீங்க வித்து முடிச்சிட்டு வாங்க. நான் முன்னாடி போறேன்."

"தாயி, இந்தா, கொஞ்சம் பொறு..."

அவளைத் தடுத்தது குருவலிங்கம்தான். வேனோடு வந்து இறங்கியவர், விஷயத்தைக் கேட்டதும் கைகொட்டிச் சிரித்தார். "இதுக்குப் போயா? மாவ வீணாக்குவானேன்? கல்லத் தூக்கி வேன்ல போடுங்க. அங்கனயே பரோட்டா போட்டு எல்லாரும் சூடாச் சாப்பிட்டுப் படுப்போம். குளுருக்கும் ஆச்சு." இப்படியொரு யோசனை இத்தனை நாள் தனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று வெயில்முத்துவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இருபத்தாறு வருடத்துச் சிக்கல் ஒரு நொடியில் அவிழ்ந்துவிட்டதே! சண்முகத்தாய் வேனில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து சேரக் காத்திருந்து ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில்தான் வேன் ஐஸ் லாட்ஜ் வாசலில் போய் நின்றது. ஊரில் பாதி வழியனுப்ப வந்திருந்தது, வழியனுப்ப வந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். எல்லாரும் குளிருக்கு முன்னெச்சரிக்கையாகத்தான் வந்தார்கள்: பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி, தூக்கில் கொதிக்கக் கொதிக்க ரசம், குழந்தைகளுக்கு வெந்நீர்ப் பை, பெரியவர்களுக்குச் சாம்பிராணிச் சட்டியில் கணகணவென்று கரி, சம்பந்தி வீட்டார் ஒரு படி மேலே போய் இரும்புக் கும்மட்டி அடுப்பே கொண்டுவந்திருந்தார்கள். ஹாலின் நடுவில் அடுப்பு மூட்டி, கிழக்குப் பார்த்துப் பால் பானையை வைத்தார்கள். பால் பொங்கி விளிம்பைத் தாண்டி வந்து, தாண்டிய இடத்திலேயே உறைந்து மல்லிகைப் பந்துபோல் நின்றது. நல்ல சகுனமென்று பெண்கள் குலவையிட்டார்கள், தங்கமாரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பரோட்டாக் கல்லை ஏற்றினார்கள்.

வெயில்முத்துவுக்குக் கல்லின் முன்னால் நின்றதும்தான் உயிர் வந்தது. வீசினார், சுருட்டினார், தட்டினார், பொரித்தார். சுற்றி ஆள், நடுவில் நெருப்பு, காதில் இரைச்சல். ஐஸ் லாட்ஜ் என்பது இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று நினைத்துக்கொண்டார். பழகிய வேகத்தில் பின்னால் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"தாயி, சால்னா ரெண்டு!"

பதில் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை, பனிக்கட்டிச் சுவர்தான் இருந்தது, அதில் கரண்டியும் கையுமாக ஒரு மனிதன் குரங்குக் குல்லாயோடு தெரிந்தான். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகச் 'சால்னா ரெண்டு' என்பதற்குப் பதில் வரவில்லை, அந்தப் பதில் இல்லாமல் தனக்கு ஒரு பரோட்டாகூடத் திருப்பிப்போடத் தெரியாது என்று அவருக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு சொட்டு கல்லில் விழுந்து 'சுர்'ரென்றது.

ஏசி ஒழுகுவதாக ஒருவர் சொன்னார், இங்கே ஏது ஏசி என்று இன்னொருவர் கேட்டார், அதற்குள் சொட்டு ஒழுக்காகி, ஒழுக்கு வாய்க்காலாகி, சாம்பிராணிச் சட்டி மிதக்க ஆரம்பித்தது. வரவேற்பு மேஜை குனிந்து வணக்கம் சொல்லுவதுபோல் மடங்கியது. தங்கமாரியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிகளா! கத்திரியே ஒண்ணும் பண்ணலயேடா! நீங்க ஒரு நேரச் சோத்துக்கு வந்து உருக்கிட்டீகளேடா!" வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். பிளாஸ்க்கையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள், கையில் இருந்த பரோட்டாவை மட்டும் ஒருவரும் கீழே போடவில்லை.

"மாப்ள, தங்கச்சி எங்க?" என்று வேன் படியில் நின்று குருவலிங்கம் கத்தினார்.

"மேல!" என்று சொல்லிவிட்டு, மிதந்து வந்த ஒரு சுக்குக் காப்பி பிளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெயில்முத்து படியேறினார். ஏற ஏறப் படி கரைந்தது, கரைவதற்குள் அடுத்த படியில் கால் வைத்தார், தன் வாழ்நாளில் பிளான் இல்லாமல் அவர் போன முதல் பயணம் அதுதான்.

ஏழாம் நம்பர் அறை காய்ந்தே இருந்தது. ஜன்னல் வழியாகக் கடைசி வெயில் பனிக்கட்டிக்குள் இறங்கி, அறை முழுக்க வெளிறிய மஞ்சளாக இருந்தது. சண்முகத்தாய் கட்டிலில் சேலையை மடித்து விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த பிளாஸ்க்க வெளிய வச்சிட்டு வாங்க. குல்லாயவும்."

இரண்டையும் வெளியே வைத்துவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். அவர் பயந்த மௌனம் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது. கீழே எங்கோ பரோட்டாக் கல் தண்ணீரில் விழுந்து ஆறுகிற சத்தம் கேட்டது. ஏதாவது பேசியாக வேண்டும்.

"சாப்ட்டியா தாயி?"

"இல்ல."

அதோடு முடிந்துவிட்டது. இன்னும் ஒரு ராத்திரி முழுக்கப் பாக்கி இருந்தது. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது, அழுவதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லிவிட்டார். "எனக்கு இதுதான் தாயி பயமாருந்துச்சு. இம்புட்டு நேரம் நம்ம ரெண்டு பேரு மட்டும் உக்காந்து என்னத்தப் பேசப் போறோம்னு. அதான் நாளத் தள்ளிக்கிட்டே இருந்தேன். அதான் ஊரயே கூட்டிக்கிட்டு வந்தேன்."

சண்முகத்தாய் தலையணையைப் பிடித்தபடியே அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு அவளிடம் இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"பேசவா? நான் எங்க பேச வந்தேன்? தூங்கத்தான வந்தேன்!"

"தூங்கவா?"

"விடியுமுன்ன மாவுக்கு எந்திரிச்சு, ராத்திரி கல்லு கழுவிப் படுக்க எம்புட்டு நேரமாகுதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? படுத்தாலும் ஒடம்பு எரியுது. வேர்க்காம, யாரும் எழுப்பாம, ஒரே ஒரு தூக்கம். அம்புட்டுத்தான்."

"அப்ப கொடைக்கானலு?"

"அதுவும் அதுக்குத்தான். பெறகு, ஏரியவா பாக்கப் போறேன்?"

சொல்லிவிட்டுப் படுத்தாள். கண்ணை மூடினாளோ இல்லையோ, மூச்சு சீராகிவிட்டது. படகு, குதிரை, பஸ், சட்னி, எதுவுமே அவள் கேட்கவில்லை என்று வெயில்முத்து அவளுடைய காலடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தார். எந்த ஊருக்கும் போயிருக்க வேண்டாம். ஒரே ஒரு நாள் மாவு பிசையாமல் இருந்திருந்தால் போதும். அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதையும் வாய்விட்டுச் செய்தால் அவள் எழுந்துவிடுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

விடிந்தது. சூரங்குளத்து ஜனங்கள் வேப்பங்குச்சியும் பிரஷ்ஷுமாக வந்து பார்த்தபோது, கத்திரி முடிந்துபோயிருந்தது, லாட்ஜும் முடிந்துபோயிருந்தது. பழைய தூணும் துருப்பிடித்த கம்பியும் முட்டளவுத் தண்ணீரில் நின்றன. ஏழாம் நம்பர் அறை மட்டும் கரையவில்லை. இரண்டு தூணின் உச்சியில், கம்பி நுனிகளின் மேல், ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வைத்ததுபோல் அப்படியே நின்றது. உள்ளே சண்முகத்தாய் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூங்குகிற வரைக்கும் அது உருகாது என்று ஊருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

பால்காரர் சைக்கிள் மணியைத் துணியால் சுற்றிக்கட்டினார். பைபாஸில் வந்த லாரியை நாலு பேர் குறுக்கே நின்று மறித்து, ஹாரன் அடிக்காமல் போகச் சொன்னார்கள். பூசாரி அன்றைக்கு மணி அடிக்காமலே தீபாராதனை காட்டினார். முந்தின நாள் நெருப்போடு வந்தவர்கள் எல்லாம் இப்போது விசிறியோடு வந்து கீழே நின்றார்கள். எங்கள் ஊர் அத்தனை அமைதியாக இருந்தது அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. தும்மல் வந்தவர்கள்கூட ஊருக்குள் ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்கள்.

வெயில்முத்து ஜன்னலில் தலையை நீட்டினார். குருவலிங்கம் கீழேயிருந்து கையை ஆட்டி, எப்படி இறங்கப் போகிறீர்கள், என்ன பிளான் என்று ஜாடையில் கேட்டார். வெயில்முத்து இரண்டு கையையும் விரித்தார், பிளான் ஒன்றும் இல்லை. அப்போது கூட்டத்திலிருந்து தினம் வருகிற வாடிக்கையாளர் ஒருவர், அந்த நேரத்திலும் மனசு கேட்காமல், தண்ணீருக்குள் இறங்கித் தூணடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்துக் கிசுகிசுத்தார்.

"அண்ணே, சாயங்காலம் பரோட்டா உண்டுல்ல?"

சண்முகத்தாய் தூக்கத்தில் ஒரு தரம் புரண்டாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் தலையணையை அணைத்துக்கொண்டு மறுபடியும் ஆழ்ந்துபோனாள். வெயில்முத்து அவளுடைய காலில் விலகியிருந்த சேலையை இழுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே குனிந்து, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

"இன்னைக்கு மாவு பிசையலப்பா."